காளை பிறந்த கதை

விளையாட்டுக் கோஷ்டிகளுக்குப் பட்டப் பெயர் சூட்டுவது இந்நாளைய நாகரிகம். 2016-ஆம் வருஷம் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் பந்தயம் ஆரம்பமானபோது எட்டுக் கோஷ்டிகள் களம் புகுந்தன. டிராகன்ஸ், வாரியர்ஸ், கிங்ஸ் என்ற ஆங்கிலப் பட்டங்களுக்கு நடுவே, ‘காரைக்குடி காளை’ என்று தூய தமிழ்ப் பெயருடன் ஒரு கோஷ்டி நின்றது.

பொருத்தமான பெயர்தான். பொங்கலையொட்டிச் சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டுக் காளைகள் பாய்ந்து வரும் காட்சியைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சீமையில் ‘காளை’ என்ற சொல்லுக்கு அதனினும் பழமையான சரித்திரம் ஒன்று உண்டு. அதை அறியக் காளையார்கோவிலுக்குப் போக வேண்டும்.

சங்க காலத்தில் அவ்வூருக்குக் கானப்பேர் என்று பெயர். வேங்கை மார்பன் என்பவன் அங்கே கோட்டை கட்டி ஆண்டான். பாண்டியன் உக்கிரப் பெருவழுதி அதை வென்று, ‘கானப்பேரெயில் கடந்த’ என்ற அடைமொழியைப் பெற்றான். ஊரை வென்ற வேந்தனுக்கு ஊரின் பெயரே விருதாயிற்று!

ஞானசம்பந்தர் காலத்திலும் அது கானப்பேர்தான். பிற்பாடு சுந்தரர் திருச்சுழியலில் தங்கியிருந்தபோது, கையில் பொற்செண்டும் முடியில் சுழியமும் விளங்க, இறைவன் இளங்காளையாகக் கனவில் தோன்றி, “நாம் இருப்பது கானப்பேர்” என்றருளியதாகப் பெரிய புராணம் கூறுகிறது. சுந்தரரும் அவரைக் காளை என்றே பாடினார். இங்கே காளை என்பது மாடன்று. கட்டிளமை வாய்ந்த வாலிபன். அன்பர் ஒருவர் அருமையாக அழைத்த பெயர் ஸ்வாமிக்கு நிலைத்து, நாளடைவில் ஊருக்கும் ஆகிவிட்டது. 1772-இல் முத்துவடுகநாதத் தேவர் வீழ்ந்ததும், 1801-இல் மருது சகோதரர்கள் கும்பினிப் படையை எதிர்த்து நின்றதும் காளையார்கோவில் என்ற பெயரோடுதான் சரித்திரத்தில் பதிந்திருக்கின்றன.

கிரிக்கெட் காளை என்னவாயிற்று? அந்த வருஷங்களில் பந்தயங்கள் சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலுமே நடந்தன. சொந்த ஊர் மண்ணில் அந்தக் காளை ஒரு பந்தயமும் ஆடவில்லை. 2021-இல் அதே கோஷ்டி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ என்ற பெயரில் ஆடியது. சொந்தக்காரர்கள் ஊரை மாற்றினார்கள்; பெயரும் கூடவே மறைந்தது.

பெயர் வைப்பது எளிது. ஊரார் நாவில் அது ஏற வேண்டும். அப்படி ஏறிய பெயர், கோட்டை இடிந்தாலும் அழிவதில்லை.