தேனிலவுக்கு மூன்று நாள்: கொச்சி

மும்பையிலோ பெங்களூரிலோ நம்மில் பலருடைய வீடு ஓர் அறையும் சமையற்கட்டும் மாத்திரமே. அதற்குள் தாய் தகப்பன், தம்பி தங்கை, ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினர் ஒருவர். புது மணவாட்டி இந்த வீட்டுக்குள்தான் கால் வைக்கிறாள். அவளும் கணவனும் தனியே நான்கு வார்த்தை பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்கோ கடைத்தெருவுக்கோ போக வேண்டும். பெரியோர் பேசி முடித்த விவாகமாயின், இடையில் தொலைபேசியில் பேசியதைத் தவிர அவர்களுக்குள் வேறு அறிமுகமும் இராது.

ஆகையால் நம் குடும்பங்களுக்குத் தேனிலவு ஆடம்பரம் அல்ல, அவசியம். புதிதாய் விவாகம் செய்தவனை ஓராண்டு போருக்கு அனுப்பாமல் மனைவியோடு வீட்டில் இருக்க விடவேண்டும் என்று இஸ்ரவேலருக்கு இருந்த சட்டத்தை உபாகமத்தில் வாசிக்கிறோம். நமது அலுவலகங்களில் ஓராண்டு விடுப்புக் கிடைக்காது. மூன்று நாளாவது கிடைக்கும். அந்த மூன்று நாளைக் கார் வைத்து, நாளொன்றுக்கு ஏழெட்டு இடம் என்று ஓடிக் கழித்துவிட்டால், படங்கள் மிஞ்சும், பேச்சு மிஞ்சாது. நாளொன்றுக்கு இரண்டே இடங்கள், மற்ற நேரம் நடக்கவும் அமரவும் பேசவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சுற்றுவதற்கு ஏற்ற நகரம் கொச்சி.

எப்போது செல்வது?

மும்பையிலிருந்து நேத்ராவதி, டில்லியிலிருந்து மங்களா ஆகிய ரயில்கள் எர்ணாகுளம் வருகின்றன. பெங்களூரில் இரவு ஏறினால் காலையில் சேரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம்.

கிழமையையும் கவனியுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூதர்களின் ஜெப ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனியும் திறப்பதில்லை. திருப்பூணித்துறை அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களே சிறந்தவை. விடுதிகளிலும் வார இறுதிக் கூட்டம் இராது.

முதல் நாள்: கோட்டைக் கொச்சி

எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தருகே உள்ள துறையிலிருந்து ‘வாட்டர் மெட்ரோ’ என்னும் மின்கலப் படகில் ஏறுங்கள். 2023இல் தொடங்கிய இச்சேவை 2024 முதல் கோட்டைக் கொச்சிக்கும் செல்கிறது. குளிரூட்டிய படகு, கட்டணமும் எளியது. கப்பல்களையும் தீவுகளையும் பார்த்தபடி செல்லும் இந்தப் பயணமே ஓர் இன்பம்.

கரையேறியதும் சீன வலைகளைக் காண்பீர்கள். பெரிய மரக்கழிகளில் கட்டிய வலை நீருக்குள் இறங்குகிறது. மறுமுனையில் கயிறுகளில் தொங்கும் கற்கள் எடைக்கு எடை நிற்க, நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தால் வலை மேலே வருகிறது. ஒருவர் தளர்ந்தாலும் வலை ஏறாது. அருகிலேயே மீன் வாங்கி, பக்கத்துக் கடையில் சமைத்துத் தரச் சொல்லலாம். விலையை முன்னமே பேசிக்கொள்க.

அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் புனித பிரான்சிஸ் ஆலயம். போர்த்துகீசியர் 1503இல் மரத்தால் எழுப்பிப் பின்னர் கல்லால் கட்டியது. 1524இல் கொச்சியில் மரித்த வாஸ்கோடகாமா இங்கேதான் அடக்கம் பண்ணப்பட்டார். 1539இல் அவரது எலும்புகள் போர்த்துகல்லுக்குக் கொண்டுபோகப்பட்டன. கல்லறைக் கல் இன்றும் உள்ளது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய இவ்வாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. வெளியே இருந்து கயிற்றால் இழுக்கும் பழைய துணி விசிறிகளையும் பாருங்கள். மாலையில் கடற்கரை நடைபாதையில் அமர்ந்து சூரியன் மறைவதைக் காணலாம்.

இரண்டாம் நாள்: மட்டாஞ்சேரி

இங்குள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள்; ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. நியாயப்பிரமாணச் சுருள்கள் வைக்கும் பேழை, நடுவே வாசிப்பு மேடை, கண்ணாடி விளக்குகள், பெண்களுக்கென மேல்மாடம். வேதாகமத்தில் ஜெப ஆலயம் என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஒன்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு நமக்கு அரிது. கேரளத்து யூதருக்குச் சுமார் 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய உரிமைகள் செப்பேட்டில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடியேறிவிட்டனர். காலணியைக் கழற்றி, கைகால் மூடிய உடையில் செல்ல வேண்டும்.

அரண்மனை அருகிலேயே உள்ளது. போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்தது. சுவரோவியங்களுக்குப் பேர்பெற்றது.

நேரமிருந்தால் கோட்டைக் கொச்சிக்குத் திரும்பி, வெளி மைதானத்தருகே உள்ள தோபிக்கானாவுக்குச் செல்லுங்கள். டச்சுப் படைவீரரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இங்கே இன்றும் துணி வெளுக்கிறார்கள். கல்லில் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு, நமக்கு முன்னே வந்தவர்களைக் காண்பது நல்லது.

மூன்றாம் நாள்: அரண்மனையோ கடற்கரையோ

இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரோ ரயிலில் திருப்பூணித்துறை சென்றால், 1865இல் கட்டிய கொச்சி அரசர்களின் மலை அரண்மனை இப்போது அருங்காட்சியகம். பரந்த தோட்டம், மான் பூங்கா. அல்லது வைப்பின் தீவின் வடகோடியருகே செராய் கடற்கரை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் காயல். முதல் நாளே எங்கே போவதென்று மனைவியைக் கேளுங்கள். அவள் உங்களோடு செய்யும் முதல் தீர்மானமாக அது இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகள்

கடன் வாங்கிச் செல்லாதீர்கள். நட்சத்திர விடுதி தேவையில்லை. கோட்டைக் கொச்சியில் குடும்பங்கள் தம் வீட்டிலேயே அறை கொடுக்கிறார்கள். இருவருடைய அடையாள அட்டைகளோடு திருமணச் சான்றிதழின் நகலும் கையிலிருக்கட்டும். மணமகளின் அட்டையில் இன்னும் தகப்பன் வீட்டு முகவரியே இருக்கும். ஆப்பமும் மீன் மோளியும் மரவள்ளிக் கிழங்கும் சிறு உணவகங்களிலேயே சுவையாய்க் கிடைக்கும்.

பேசுவதற்கு ஒன்றிரண்டு காரியங்களை மனதில் வைத்துப் போங்கள். சம்பளம் எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு, அவள் வேலைக்குப் போக விரும்புகிறாளா, தனி வீடு எப்போது: வீட்டில் எல்லாருக்கும் நடுவே இவற்றைக் கேட்பது கடினம். படகில் எளிது.

பெற்றோருக்கு

உங்கள் பிள்ளைகளோடு தங்கையையும் அண்ணன் மகனையும் துணைக்கு அனுப்பாதீர்கள். மணிக்கொரு தரம் தொலைபேசியில் அழைக்கவும் வேண்டாம். இரவில் ஒருமுறை நலம் விசாரித்தால் போதும். அவர்கள் திரும்பி வருமுன் ஒரு திரைச்சீலையாவது வாங்கி, வீட்டில் அவர்களுக்கென்று ஒரு மூலையை மறைத்து வையுங்கள்.