கண்ணுக்குத் தெரியாத தூசு

சீனாவில் ஒரு தொழிற்கூடம். பாலிஸ்டைரீன் பலகைகள் மீது பூச்சைத் தெளித்து, சூடு காட்டி உலர்த்துவது அங்கே வேலை. அந்த வேலையைச் செய்த 7 பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். 18 முதல் 47 வயது வரை உள்ளவர்கள். 5 முதல் 13 மாதங்கள் வரைதான் அந்த வேலையில் இருந்தார்கள்.

மூச்சுத் திணறியது. முகத்திலும் கைகளிலும் அரிப்பு எடுத்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது. எடுக்க எடுக்க மீண்டும் ஊறியது. 2 பேர் இறந்து விட்டனர்.

அவர்களுக்குச் சிகிச்சை அளித்த பீஜிங் மருத்துவர்கள் 2009ல் விவரத்தை வெளியிட்டனர். நோயாளிகளின் நுரையீரலிலும், வேலை செய்த இடத்திலும் ஒரே மாதிரியான நுண்துகள்கள் கிடைத்தன. அளவு சுமார் 30 நானோமீட்டர்.

நானோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமனே சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர்! பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியேறிவிடும். நானோ துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கக்கூடும்.

துகள் மட்டுமே காரணமா, சூட்டில் கிளம்பிய இரசாயன ஆவியும் காரணமா என்று நிபுணர்கள் வாதிட்டனர். ஆனால் அறையின் நிலையில் சந்தேகமில்லை. ஜன்னல் கிடையாது. காற்றை வெளியேற்றும் கருவி பழுதாகி 5 மாதம் கிடந்தது. குளிருக்காகக் கதவையும் மூடிவிட்டார்கள்.

நீரிலும் கலக்கிறது

நாற்றம் வராதிருக்க வெள்ளி நானோ துகள் சேர்த்த காலுறைகள் விற்கப்படுகின்றன. துவைக்கும்போது அந்த வெள்ளி நீரில் கலப்பதை 2008ல் அமெரிக்காவின் அரிசோனா ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கிருமியைக் கொல்லும் வெள்ளி, நீர்வாழ் உயிர்களையும் விட்டுவைப்பதில்லை.

நம்மவர் கவனத்துக்கு

மும்பை, பெங்களூர்ப் பட்டறைகளில் வெல்டிங், ஸ்பிரே பெயிண்டிங் வேலையில் நம்மவர் பலர் இருக்கின்றனர். வெல்டிங் புகையிலும் நானோ அளவுத் துகள்கள் உண்டு. அந்தப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017ல் அறிவித்தது.

கைக்குட்டை கட்டினால் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி வேண்டும். புகையை உறிஞ்சும் விசிறி நின்றுவிட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. காற்றுக் குழாயால் உடையை ஊதிக்கொள்வது கூடாது. வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவதும் கூடாது.

இருமலோ மூச்சிரைப்போ விடாதிருந்தால் மருத்துவரிடம் செல்க. என்ன வேலை, எத்தனை வருடம், எந்தப் பொருள் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். நோயின் காரணம் அதில்தான் இருக்கக்கூடும்.