கிக்கர் எழுப்பும் 20,000 வோல்ட்

சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகவேண்டிய மல்லிகை மூட்டை ஸ்கூட்டரில் ஏறிவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. கிக்கரை மிதித்தால் எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: “பிளக்குல கரண்ட் வருதா பாத்தீங்களா?” அந்தக் கரண்ட் எங்கே பிறந்து எப்படி பிளக் வரை வந்து சேர்கிறது என்று தெரிந்துகொண்டால், கோளாறு எங்கே என்பதும் பாதி விளங்கிவிடும்.

பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே உள்ள இடைவெளி சுமார் 0.7 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் ஏடிஎம் அட்டையின் தடிமன். மின்சாரம் இதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். காற்றோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள். திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே 3,000 வோல்ட்டுக்குக் குறையாமல் தேவை. எஞ்சினுக்குள் நிலைமை இன்னும் கடுமை. பிஸ்டன் மேலே ஏறி, காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கிவிடுகிறது. காற்று எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கூடுதல் அழுத்தத்தோடு மின்சாரம் அதைப் பிளக்க வேண்டும். அதனால்தான் வீட்டு லைனில் 230 வோல்ட் ஓட, ஒரு சின்ன ஸ்கூட்டரின் பிளக் வயரில் 10,000, 20,000 என்று ஏறுகிறது.

கிக்கர் மட்டும் உள்ள பல வண்டிகளில் இதற்கு பேட்டரியே வேண்டாம். மிதித்ததும் ‘மேக்னட்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் சக்கரம் சுழல்கிறது. அதன் உள்விளிம்பில் காந்தங்கள். நடுவில் செம்புக் கம்பிச் சுருள்கள். காந்தம் கடந்து போனால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் இதுவே. இப்படிப் பிறக்கும் இருநூறு, முந்நூறு வோல்ட், சிடிஐ என்ற சின்னப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியில், அதாவது கண்டன்சரில், போய் நிறைகிறது.

நிறைந்தது எப்போது வெளியேற வேண்டும்? மேக்னட்டின் வெளிப்புறத்தில் ஒரு சிறு மேடு உண்டு. அது அருகில் உள்ள ‘பல்சர் காயில்’ என்ற சிறு சுருளைக் கடக்கும் கணத்தில் சிடிஐ-க்கு ஒரு சமிக்ஞை போகிறது. உடனே சிடிஐ தன்னிடம் உள்ளதை மொத்தமாக ஹெச்டி காயிலுக்குள் கொட்டுகிறது. அங்கே குறைந்த சுற்றுள்ள தடித்த கம்பியும், அதைப்போல நூறு மடங்கு சுற்றுள்ள மெல்லிய கம்பியும் இருக்கின்றன. உள்ளே போன 200 வோல்ட் 20,000 ஆகி வெளியே வருகிறது. இந்தக் கச்சிதம் என்னை வியக்கவைக்கிறது: நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் பொறி 15 பாகை தவறினால், நேரக் கணக்கில் அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய லாம்பிரெட்டா, சேட்டக்கில் பொறிக்கு நேரம் குறிக்கும் வேலையைத் திறந்து மூடும் பாயிண்ட்தான் செய்தது. அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே வண்டி ஓட்டியவர்கள் ஏராளம். கண்டன்சரில் சேர்த்துவைத்துப் பொறியாக்கும் யோசனை மட்டும் புதிதல்ல. நிக்கோலா டெஸ்லா 1898-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இத்தனை வோல்ட் இருந்தும் ஒரு பொறியின் ஆற்றல் மிகச் சொற்பம். சுமார் 30 மில்லிஜூல். மூட்டையிலிருந்து 3 கிராம் மல்லிகை மொட்டை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல். இவ்வளவு சொற்பம் என்பதால்தான் வழியில் சின்னக் கசிவு இருந்தாலும் பொறி தொலைந்துபோகிறது.

ஆகவே கோளாறைத் தேடும்போது மின்சாரம் வந்த வழியில் பின்னோக்கிப் போக வேண்டும். பிளக்கைக் கழற்றி, மறுபடி பிளக் வயரின் முனையில் உள்ள கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதிக்கலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பிளக் அதைவிட்டு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். கையும் உலோகத்தைத் தொடவே கூடாது. நீலமாக, பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மங்கி வந்தால் பலம் போதவில்லை. வெளியே நன்றாக அடித்துவிட்டதால் பிளக் நல்ல பிளக் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உள்ளே உள்ள அழுத்தத்தில் அதே பிளக் தோற்றுப்போகலாம். புது பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே விலை குறைந்த, நம்பகமான சோதனை.

கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும். இளம்பழுப்பு நல்ல அறிகுறி. ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். கன்னங்கரேலென்று கரி அப்பியிருந்தால், அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியைத் தாண்டவேண்டிய மின்சாரம் பீங்கான் மேல் கரி வழியாகவே நழுவிவிடும். ஆனி, ஆடிக் காற்று வாரி வரும் கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்தால் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் கூடி, இப்படிக் கரி படியும். பிளக்கை மட்டும் துடைத்து ஃபில்டரை விட்டுவிட்டால் அதே கோளாறு திரும்ப வரும்.

பிளக் மாற்றியும் பொறி இல்லையா? அடுத்தது கேப். மழைக்காலத்தில் அதற்குள் ஈரம் புகும். அதுவும் சரி என்றால் சாவியைச் சந்தேகிக்க வேண்டும். காந்தத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் வண்டிகளில் சாவியின் வேலை நாம் நினைப்பதற்கு நேர் எதிர். ஆன் செய்யும்போது அது எதையும் இணைப்பதில்லை. ஆஃப் செய்யும்போதுதான் சிடிஐ-யின் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்துப் பொறியைக் கொல்கிறது. அந்த வயர் எங்காவது உரசிச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், சாவி ஆனில் இருந்தும் வண்டி ஆஃப் ஆனபடியே நிற்கும். அதைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மிதித்ததும் பொறி வந்தால், சிடிஐ-யை மாற்றும் செலவு மிச்சம். பேட்டரியிலிருந்து எடுக்கும் சிடிஐ என்றால் கதை வேறு. அங்கே பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின், புது ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சுவதையும் பொறியையும் ஒரே சிறு கணினி கவனிக்கிறது. மேக்னட் பக்கத்து உணரி ஒன்று செயலிழந்தால் இரண்டுமே நின்றுவிடும். சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தாலே ஸ்டார்ட் ஆகாத வண்டிகளும் உண்டு, அதை முதலில் குனிந்து பார்க்கலாம். மீட்டரில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால், எத்தனை முறை நீளமாக, எத்தனை முறை குட்டையாகச் சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பல வண்டிகளில் எந்தப் பாகம் கெட்டது என்பதற்கான எண் அதுதான்.