பட்டா உங்க பேர்ல, மேல போற கம்பி யார் பேர்ல?

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலைக்கு பைக்ல போறவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. அருவி, வெள்ளிமலை, திரும்பி வர்றப்போ பலாப்பழம். அந்த மலை மேல நாளைக்கு ஒரு ஹைடென்ஷன் லைன் வருதுன்னு வெச்சுக்குவோம். யார்கிட்ட அனுமதி கேப்பாங்க? நிலத்துக்காரர்கிட்டனு நீங்க நினைச்சா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

கல்வராயன்ல அப்படி ஒரு திட்டம் வருதுன்னு நான் சொல்லல. நம்ம மேற்கு மாவட்டங்கள்ல நடந்ததை வெச்சுத்தான் பேசப்போறேன். சத்தீஸ்கர்ல இருக்கிற ராய்கர்ல இருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரைக்கும் பவர்கிரிட் நிறுவனம் ஒரு லைன் போட்டது. சுமார் 1,800 கிலோமீட்டர், 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். நேர்மின்சாரம், அதாவது டி.சி. ரொம்ப தூரம் கொண்டுபோக இதுல இழப்பு கம்மி. புகளூர்ல இருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்ல இன்னொரு லைன். 2018 கடைசியில ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கம் விவசாயிகள் உயர்மின் கோபுரம் வேண்டாம்னு பல இடங்கள்ல உட்கார்ந்தாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க. 2021-க்குள்ள ரெண்டு லைனும் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

அவ்வளவு பேர் எதிர்த்தும் லைன் எப்படிப் போச்சு? இதுக்குப் பதில் 1885-ல இருக்கு. வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்கப் போட்ட இந்திய தந்திச் சட்டம். யார் நிலத்துல வேணும்னாலும் கம்பம் நடலாம், ஆனால் நிலம் அரசுக்குச் சொந்தமாகாது. பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். சேதத்துக்கு நஷ்டஈடு கொடுத்தால் போதும். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, இந்தத் தந்தி அதிகாரத்தை அப்படியே மின்பாதை போடுற நிறுவனத்துக்குக் கொடுக்க அரசுக்கு வழி செய்கிறது. கொடுத்தாச்சுன்னா நிலத்துக்காரரின் முன் சம்மதம் தேவையில்லை. 2016 டிசம்பர்ல செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. நீங்க வழிமறிச்சா, 16-வது பிரிவுப்படி கலெக்டர் உத்தரவு போட்டு வேலையைத் தொடர வைக்கலாம். 2023-ல புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழைய தந்திச் சட்டத்தை ஓரங்கட்டினப்போ கூட, மின்பாதைக்குத் தேவையான அந்தப் பகுதியை மட்டும் பத்திரமா விட்டு வெச்சாங்க. தந்தி செத்துப்போச்சு, தந்திச் சட்டம் சாகல.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நிலத்தை 'எடுக்கல' இல்லையா? அதனால 2013-ல வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் சமூகத் தாக்க ஆய்வு, மறுவாழ்வு எதுவும் இங்க பொருந்தாது. மின்பாதைக்கு சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. 2006 அறிவிக்கையோட பட்டியல்லயே அது கிடையாது. பட்டா உங்க பேர்லயே இருக்கும், வரியும் நீங்கதான் கட்டணும். ஆனால் கம்பிக்குக் கீழ தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, போர் போடுற வண்டியை நிமிர்த்தி நிறுத்தவும் முடியாது.

எவ்வளவு இடம்? 800 கிலோவோல்ட் டி.சி. லைனுக்கு 69 மீட்டர் அகலத் தாழ்வாரம். அது உங்க காட்டை வெறும் 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தாலே 0.69 ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒருத்தர் கையில இருக்கிற சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான். எனக்கு இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்போதான் அந்தப் போராட்டத்தோட கோபம் புரிஞ்சது.

இதுக்கு எவ்வளவு கொடுத்தாங்க? மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல், டவர் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், தாழ்வாரத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம்னு சொன்னது. ஏக்கர் 10 லட்சம்னு வெச்சா, நம்ம 0.69 ஹெக்டேர், அதாவது 1.7 ஏக்கருக்கு, கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய். 2024 ஜூன்ல இதை டவருக்கு 200, தாழ்வாரத்துக்கு 30 சதவீதமா உயர்த்தினாங்க. மேற்கு மாவட்டக்காரங்க கத்தினதுக்கும் இதுல பங்கு உண்டுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவங்க நிலத்துல டவர் நின்னு முடிஞ்ச பிறகு வந்த உயர்வு.

டியூப்லைட்டைக் கையில பிடிச்சா லைனுக்குக் கீழ அதுவா எரியுற வீடியோ பார்த்திருப்பீங்க. அது உண்மை. ஏ.சி. லைனைச் சுத்தி நொடிக்கு 50 முறை மாறுகிற மின்புலம் டியூப்புக்குள்ள இருக்கிற வாயுவில் சின்ன மின்னோட்டத்தைத் தள்ளுது. புலம் பலமா இருக்குன்னு அது காட்டும், நோய் வரும்னு நிரூபிக்காது. காந்தப்புலத்தை 2002-ல புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'ஒருவேளை காரணமாகலாம்' பட்டியல்ல வெச்சது; அதுக்கு மேல உறுதியான சான்று இல்லை. என் கருத்து, விவசாயிகளோட வலுவான வாதம் புற்றுநோய் இல்லை, நிலம்.

அவங்க கேட்ட மாற்று என்ன? 'கேரளாவுல மாதிரி ரோட்டோரமா கேபிளா புதைங்க.' கேரளாவுல நிஜமாவே நடந்துச்சு. புகளூர்-திருச்சூர் லைன் வடக்கஞ்சேரியில இருந்து திருச்சூர் வரைக்கும், 25 கிலோமீட்டருக்கு மேல, நிலத்தடியில போகுது. அதே லைனோட தமிழ்நாட்டுப் பகுதிக்கு மட்டும் ஏன் முடியாதுங்கிற கேள்வி நியாயமானது; அங்க தடையா இருந்தது பணம்தான். ஆனால் 800 கிலோவோல்ட் லைனுக்கு அதே பதில் சொல்ல முடியாது. அந்த அழுத்தத்துக்கு நிலத்தடி கேபிள் அப்போ கைவசம் இல்லை. ஏ.சி. லைன்னா வேற சிக்கல்: கேபிளே ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி மின்னோட்டத்தைக் குடிக்கும், சில பத்து கிலோமீட்டருக்கு மேல கஷ்டம்.

ஜெர்மனி இன்னொரு பாதையில போச்சு. வடக்குல இருந்து தெற்குக்குக் காற்றாலை மின்சாரம் கொண்டுபோற 'சூட்லிங்க்', சுமார் 700 கிலோமீட்டர். ஊர்க்காரங்க எதிர்ப்பால 2015-ல சட்டத்தையே மாத்தி, கேபிளுக்கு முன்னுரிமை கொடுத்தாங்க. மின் அழுத்தத்தை 525 கிலோவோல்ட்னு வெச்சாங்க. அதோட செலவு சுமார் 1,000 கோடி யூரோவுக்கு ஏறிடுச்சு. 2022-ல முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப்போச்சு. அந்தக் காசு கடைசியில கரண்ட் பில்லுல வரும். பெருங்குடியில ஏ.சி. போட்டு இதைக் கேட்கிற நீங்களும் நானும் அந்தக் கணக்குல இருக்கோம்.

இப்போ கல்வராயனுக்கு வருவோம். அங்க வாழுறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, மரவள்ளி கம்பிக்குக் கீழயும் விளையும். புளியமரம், பலா, கடுக்காய் நிற்காது. காட்டு வழியா லைன் போனா வன அனுமதி வேணும், அது சரி. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை சம்மதமும் வேணும்னுதான் இருந்தது. ஆனால் 2013 பிப்ரவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ரோடு, கால்வாய், மின்பாதை மாதிரி நீளவாக்குத் திட்டங்களுக்கு அந்தச் சம்மதத்துல இருந்து விலக்கு கொடுத்தது. மிகவும் பின்தங்கியவங்கன்னு தனியா வகைப்படுத்தின பழங்குடிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டுல அந்தப் பட்டியல்ல தோடர், இருளர் மாதிரி ஆறு சமூகங்கள் இருக்காங்க. மலையாளிகள் அதுல இல்லை.

அதனால எதிர்க்கணும்னா எப்போங்கிறது முக்கியம். டவர் குழி தோண்டுறப்போ போய் நின்னா கலெக்டர் உத்தரவு வந்துடும். பாதையை நகர்த்த வாய்ப்பு இருக்கிறது சர்வே நேரத்துல, பத்திரிகையில சின்ன எழுத்துல அறிவிப்பு வர்ற நேரத்துல. அதைத் தவறவிட்டவங்களுக்கு மிச்சம் இருக்கிறது தொகை பத்தின சண்டை: நஷ்டஈடு போதலைன்னா மாவட்ட நீதிபதிகிட்ட மனு போடலாம், அதே 16-வது பிரிவுல.