கப்பலேறி வந்த குச்சிக்கிழங்கு

குழந்தைகளே, மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறீர்களா? தருமபுரி, சேலம் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்போம். அரூரிலிருந்து பஸ் ஏறிச் சித்தேரி மலைக்குப் போனால், விரல்களை விரித்தது போன்ற இலைகளோடு இந்தச் செடி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான்! சாமை அவர்களுக்குப் பழைய பயிர். குச்சிக்கிழங்கு அப்படியல்ல. அதன் சொந்த ஊர், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள தென் அமெரிக்கா.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தது?

1500-ம் ஆண்டு மார்ச் மாதம், போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து 13 கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் பெயர் கப்ரால். போக வேண்டிய இடம் நம் கள்ளிக்கோட்டை. வாங்க வேண்டிய சரக்கு மிளகு. காற்றின் போக்கில் மேற்கே வெகுதூரம் ஒதுங்கிய கப்பல்கள், ஏப்ரல் 22-ல் ஒரு புதிய கரையைக் கண்டன. அதுதான் இன்றைய பிரேசில்! பிறகு புயலில் சிக்கிப் பல கப்பல்கள் மூழ்கின. செப்டம்பரில் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தவை ஆறுதான்.

பிரேசிலின் பூர்வகுடி மக்கள் மரவள்ளியைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தார்கள். கசப்பு வகைக் கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சு உண்டாகும். அவர்கள் கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து எறிந்துவிட்டு, மீதியை வறுத்து மாவாக்கினார்கள். இந்த மாவு மாதக்கணக்கில் கெடாது. கடலோடிகளுக்கு வேறென்ன வேண்டும்? மாவு மூட்டைகள் கப்பலேறின.

இங்கேதான் ஒரு கொடுமையான கதை தொடங்குகிறது. பிரேசிலிலும் கரீபியன் தீவுகளிலும் ஐரோப்பியர்கள் கரும்புத் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே! ஆப்பிரிக்கக் கரையில் துணி, இரும்பு, சாராயம் கொடுத்து மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். அந்தத் துணிகளில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் உண்டு. தன் துணி எதற்குப் போகிறது என்று நெய்தவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வாங்கிய மனிதர்களைச் சங்கிலியால் பிணைத்து, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். அங்கோலாவிலிருந்து பிரேசில் போக ஒரு மாதத்துக்கும் மேலாகும். பல கப்பல்களில் அவர்களுக்குப் போட்ட சாப்பாடு மரவள்ளி மாவு. சுமார் 350 ஆண்டுகளில் இப்படிக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதிப் பேர் எத்தனை என்று நீங்களே கழித்துப் பாருங்கள். வெறும் கணக்காக நினைக்காமல் மெதுவாகக் கழியுங்கள். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான்.

அதே கப்பல்கள் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோயின. கிழங்கை மண்ணில் புதைத்தால் செடி முளைக்காது. தண்டைத் துண்டு போட்டுத்தான் நட வேண்டும். அந்தக் குச்சிகள் காயாமலும் அழுகாமலும் கடலைத் தாண்ட வேண்டும். தாண்டின! பின்னாளில் பிரேசிலில் விடுதலை பெற்றவர்கள் சிலர் ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வந்து, கிழங்கைத் துருவி வறுக்கும் முறையைப் பரப்பினார்கள். இன்று உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவது நைஜீரியாவில்.

நம் நாட்டுக்கும் போர்ச்சுகீசியர்கள்தான் கொண்டுவந்தார்கள், 17-ம் நூற்றாண்டில், மலையாளக் கரைக்கு. அங்கே இதற்குக் ‘கப்ப’ என்று பெயர். கப்பலில் வந்ததால் கப்ப என்று சொல்வோரும் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

பாயசத்தில் போடுகிறோமே ஜவ்வரிசி, அது முன்பு மலேயா, ஜாவா பக்கமிருந்து கப்பலில் வந்தது. அது ஒருவகைப் பனைமரத்தின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் அந்த நாடுகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. 1981-ல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. சித்தேரிக் கிழங்கும் லாரியில் மலையிறங்கி சேகோ மில்லுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை! கிழங்கைத் தோல் உரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பச்சை இலையையும் தோலையும் தின்ற ஆடு மாடுகள் இறந்துபோவது உண்டு.

கிழங்கு பிடுங்கியபின் தண்டுகளை என்ன செய்கிறார்கள் தெரியுமா? கட்டாகக் கட்டி, மர நிழலில் நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். காயாமலும் அழுகாமலும் இருந்தால், அடுத்த நடவுக்கு அவைதான் விதைக்குச்சி.