உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடக்கும் கல்யாண கேசட்

மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டைக் கணினிக்கு மாற்ற முழுதாக மூன்று மணி நேரம் ஆகும். டேப் ஓடினால்தான் படம். ஓட்ட டெக் (வி.சி.ஆர்.) வேண்டுமே, அதுதான் சிக்கல்! கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது.

முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. ஆசைப்பட்டு டெக்கில் போட்டுவிடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றிய படத்தில், மாலை மாற்றும் கைகளின் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரிகிறதா? கேசட்டில் கோளாறு இல்லை. நம் ஊர் டிவியின் ‘பால்’ (PAL) முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாகப் பதிவாகும். பழைய டிவியில் இது கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளில் ‘டீஇன்டர்லேஸ்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

பாட்டு கேசட்டா? எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்கும், ஒலியிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். ஃபிளாக் (FLAC) வடிவம் எதையும் கழிக்காமலே கோப்பை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கும். மூலப்பிரதிக்கு ஃபிளாக்; காரில் கேட்க எம்பி3 தாராளம்.