குரல், முகம், காமிரா: மோனிகா விட்டி

அந்தோனியோனியின் 'இல் கிரிதோ' (1957) படத்தில் மோனிகா விட்டி இருக்கிறார். ஆனால் பார்க்க முடியாது. பெட்ரோல் பங்க் நடத்தும் பெண்ணாக வருபவர் தோரியன் கிரே. அந்த உடலுக்குக் குரல் கொடுத்தவர் விட்டி. 33 வருடங்கள் கழித்து, 1990இல், 'ஸ்கந்தாலோ செக்ரேதோ' என்ற படத்தை அவரே இயக்கினார். இரவல் குரலாகத் தொடங்கியவர் காமிராவுக்குப் பின்னால் வந்து நின்றது எப்படி என்பதுதான் என் கேள்வி.

நமக்குத் தெரிந்தது 1960-64இன் விட்டி மட்டுமே. 'லவ்வெந்தூரா', 'லா நோத்தே', 'லெக்லீஸே', 'சிவப்புப் பாலைவனம்'. அந்நியமாதல் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த முகத்தைச் சாட்சிக்கு இழுக்கிறோம். நானும் இழுத்திருக்கிறேன். 'அந்தோனியோனியின் விட்டி' என்று எழுதினேனே ஒழிய, அந்த முகத்துக்குச் சொந்தக்காரி யோசிக்கிறவள், தேர்ந்தெடுக்கிறவள் என்று எனக்குத் தோன்றவில்லை. 'லெக்லீஸே'யின் கடைசி ஏழு நிமிடங்களில் நாயகியும் கிடையாது, நாயகனும் கிடையாது. தெருவும் கட்டடங்களும் மட்டும். அவர் இல்லாமலேயே படம் முடிந்துவிடுகிறது. என் விமர்சனமும் அப்படித்தான் முடிந்தது.

1968இல் மொனிச்செல்லியின் 'துப்பாக்கியோடு ஒரு பெண்' வந்தது. மானத்தின் பெயரால், தன்னைக் கைவிட்டு ஓடியவனைச் சுட இங்கிலாந்து வரை போகும் சிசிலிப் பெண்ணாக விட்டி சிரிக்க வைக்கிறார். கலைப்படக்காரர்களுக்கு இது சறுக்கலாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. இத்தாலிய நகைச்சுவைப் படம் அன்றைக்கு சோர்தி, காஸ்மான், தொன்யாத்ஸி, மன்ஃப்ரெதி என்ற ஆண்களின் கோட்டை. அதற்குள் சமமாக நுழைந்தவர் விட்டி. பிறகு 'ஃப்ளர்ட்' (1983) படத்தின் திரைக்கதையிலும் பங்கெடுத்தார். நடிப்பு, எழுத்து, அப்புறம் இயக்கம். படிப்படியாக வந்த பயணம் இது.

'ஸ்கந்தாலோ செக்ரேதோ'வில் நாயகியும் அவர்தான். பிறந்தநாள் பரிசாக வீடியோ காமிரா கிடைக்கிறது. அதன் முன் உட்கார்ந்து மனசைத் திறந்து பேசுகிறாள். கணவனின் துரோகமும் அதே காமிரா வழியாகவே தெரியவருகிறது. ஆண் பார்க்கிறவன், பெண் பார்க்கப்படுகிறவள் என்று லாரா மல்வி 1975இல் சொன்ன ஏற்பாடு இங்கே குழம்பிப் போகிறது. பார்ப்பவளும் பார்க்கப்படுபவளும் ஒருத்தியே. ஆனால் அந்தக் காமிராவைப் பரிசளிப்பவன் ஓர் ஆண் இயக்குநர் என்பதையும் கவனிக்க வேண்டும். விடுதலையைச் சுலபமாக அறிவித்துவிடும் படம் இல்லை இது. கருவி கைக்கு வந்தாலும் அது யார் கொடுத்த கருவி என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

அவர் இயக்கிய ஒரே படம் இது; சினிமாவில் அவருடைய கடைசிப் படமும் இதுதான். 2022 பிப்ரவரியில் காலமானார். 'லவ்வெந்தூரா'வைத் திரையிடும் நண்பர்கள் இதையும் சேர்த்துப் போடட்டும். அதற்கப்புறம் 'அந்தோனியோனியின் விட்டி' என்று அத்தனை சுலபமாக எழுதிவிட முடியாது, என்னால் நிச்சயமாக முடியாது.